கண்மாய்ப் பொட்டலும் கான்கிரீட் சந்தும்

நான் கால்பந்துப் பயிற்சியாளர் என்று தெரிந்ததும் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் கேட்பார்கள்: "நம்ம பட்டிக்காட்டுப் பிள்ளைக தெம்பு டவுன் பிள்ளைகளுக்கு வருமா தம்பி?" சென்னையில் பெற்றோரின் பேச்சு வேறு மாதிரி இருக்கும்: "இங்கே கிடைக்கிற கோச்சிங் கிராமத்துல கிடைக்குமா சார்?" இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பல வருஷம் வட சென்னையில் பயிற்சி கொடுத்துவிட்டு, இப்போது சிவகங்கைச் சீமையில் பிள்ளைகளோடு இருக்கிறேன். இரண்டு இடத்திலும் நின்று பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஒரு பிள்ளைக்கு முதல் கோச், அது ஓடி விளையாடுகிற தரை. நாங்கள் அதற்குப் பிறகு வருகிறவர்கள். தரை என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறது, எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில் கண்மாயைச் சொல்கிறேன். பங்குனி பிறந்தால் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் வற்றிவிடும். நடுவில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். தண்ணீர் இருந்தபோது மாடுகள் இறங்கிய குளம்படி அப்படியே காய்ந்து கல்லாகி நிற்கும். அதுதான் பையன்களின் மைதானம். தரையோடு உருண்டு வருகிற பந்து ஒரு குளம்படியில் பட்டதும் முழங்கால் உயரத்துக்கு எகிறும். அடுத்ததில் பட்டால் பக்கவாட்டில் ஓடிவிடும். அதனால் அங்கே வளர்ந்த பையன் பந்தை எதிர்கொள்ளும்போது நுனிக்காலில், முழங்காலை லேசாக மடக்கி, கடைசி நொடி வரை முடிவெடுக்காமல் நிற்பான். தொடை, நெஞ்சு, முன்னங்கால் எலும்பு என்று எது வசமோ அதில் வாங்குவான். எட்டாவது படிக்கிற ஒருவனிடம், "ஏன்டா, பந்தை நோக்கிப் போகாம அங்கேயே நிக்கிற?" என்று கேட்டேன். "எந்திரிச்சு வரும்ணே. முன்னாடி போனா மூஞ்சியில அடிக்கும்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவனுடைய தரைக்கு அதுதான் சரியான விளையாட்டு.

அதே பையனைச் சமமான புல்தரையில் கொண்டுபோய் நிறுத்தினால் சிக்கல் வெளியே வரும். பந்து நேராக, வழுக்கிக்கொண்டு வருகிறது. இவன் பழக்கத்தில் காத்து நிற்கிறான். அந்தக் காத்திருப்பில் எதிரணிக்காரன் முன்னால் பாய்ந்து பறித்துக்கொண்டு போய்விடுகிறான். பார்க்கிறவர்கள், "பையன் ஸ்லோ" என்று எழுதிவிடுவார்கள். நூறு மீட்டர் ஓடவிட்டால் அங்கே நிற்கிற எல்லோரையும் முந்துகிறவனாகக்கூட அவன் இருப்பான்.

வட சென்னையின் வியாசர்பாடிச் சந்து இதற்கு நேர் எதிர். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் கான்கிரீட். ஒரு ஓரம் அடிபம்பு, அதைச் சுற்றிக் குடங்கள். இன்னொரு ஓரம் பைக்குகள். இரண்டு செங்கல் வைத்தால் கோல். ஆட்டோ வந்தால் ஆட்டம் நிற்கும், போனதும் தொடரும். அங்கே பந்து காலைவிட்டு ஓர் அடி தள்ளினால் போச்சு. ஆகவே உள்ளங்காலால் இழுப்பது, டோவால் குத்துவது, உடம்பை நடுவில் வைத்து மறைப்பது எல்லாம் பத்து வயதுக்குள் கைவந்துவிடும். சுவரில் அடித்துத் திரும்பி வாங்குவது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. கான்கிரீட்டில் விழுந்தால் தோல் உரியும் என்பதால் இடித்தாலும் சாயாமல் நிற்கக் கற்றிருப்பார்கள்.

அந்தப் பையன் 105 மீட்டர் நீளமுள்ள முழு மைதானத்துக்கு வந்தால் திணறுகிறான். தலை குனிந்தே இருக்கிறது. ஆள் கூட்டமாக இருக்கிற பக்கமே பந்தைக் கொண்டுபோகிறான், ஏனென்றால் அவனுக்குப் பழகிய ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒருவன் தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணில் படுவதே இல்லை. "பந்து வர்றதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு தடவை திரும்பிப் பாரு" என்று ஒருவனிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவன் கேட்டான்: "சந்துல பின்னாடி சுவருதானே சார் இருக்கும். அத இன்னாத்துக்குத் திரும்பிப் பாக்கணும்?" பயிற்சிப் புத்தகங்களில் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது. திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் அவன் விளையாட்டைக் கற்றிருக்கிறான்.

திரும்பிப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், பந்தை வாங்குவதற்கு முன்னால் வீரர்கள் தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்ப்பதைப் பல ஆண்டுகளாக வீடியோவில் எண்ணிவருகிறார். அதிகமாகப் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகமாகச் சரியான இடம் போய்ச் சேருகிறது என்பது அவருடைய ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. ஆகவே சந்துப் பையன்களுக்கு நான் வைக்கிற பயிற்சி இது: 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு கட்டம். பக்கத்துக்கு நான்கு பேர். நான்கு மூலையிலும் நான்கு குட்டி கோல்கள். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு. ஒரு மூலையில் ஆள் அடைத்தால் மற்ற மூலை திறந்திருக்கும். தலையைத் தூக்காதவன் அங்கே கோல் அடிக்கவே முடியாது. நான் பின்னால் நின்று சிவப்பு பிப்பையோ (பயிற்சி மேல்சட்டை) மஞ்சள் பிப்பையோ தூக்குவேன். பந்து காலுக்கு வருமுன் அவன் நிறத்தைச் சொல்ல வேண்டும். சில வாரத்தில் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்துவிடும். அதன் பிறகு ஞாயிறு விடியற்காலையில் பெரிய மைதானத்துக்குக் கூட்டிப்போய், தூரத்தைப் பழக்குவேன்.

கண்மாய்ப் பையன்களுக்கு வேண்டியது சுவர். எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சுற்றுச்சுவரையே அதற்குப் பயன்படுத்துகிறோம். சுவருக்கு எதிரே சமமாகக் கொத்தி, தண்ணீர் தெளித்து இறுக்கிய ஒரு துண்டு நிலம். பந்தைச் சுவரில் அடி, திரும்பி வருவதை நோக்கி ஓர் அடி முன்னே போ, முதல் தொடுதலிலேயே பந்தை அடுத்த காலுக்கு வசமாகத் தள்ளு. வலது காலில் வாங்கினால் இடது காலில் அடி. பிறகு பத்துக்குப் பத்து மீட்டர் கட்டத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர், ஒருவனுக்கு இரண்டே டச். ஆரம்பத்தில் பந்து கட்டத்துக்குள் நிற்கவே நிற்காது. கண்மாய் கொடுத்த கூர்மை அவனிடம் ஏற்கெனவே இருப்பதால், அவன் பிடித்துக்கொள்ளும் வேகம் பிரமிக்க வைக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறைக் கடற்கரை இன்னொரு தரை. மணலில் பந்து உருளாது. ஆகவே அங்கே பிள்ளைகள் பந்தை ஆகாயத்திலேயே வைத்து ஆடப் பழகுகிறார்கள். கெண்டைக்கால் இறுகிப்போகிறது. இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடி, இந்தியச் சட்டையும் அணிந்தார். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ், 2017-18 பருவத்தில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூரின் சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய வீரர் இராமன் விஜயனின் அகாடமியில் பயின்று பெங்களூரு எஃப்.சி.க்குப் போனார். 2022 டுராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் கோல் அடித்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. கடற்கரை, சந்து, சிற்றூர் என்று மூன்று தரையிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். எந்தத் தரை உயர்ந்தது என்று வாதம் பண்ணுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்தப் பிள்ளைகளை நாம் தேர்ந்தெடுக்கிற முறை.

செலக்‌ஷன் என்றால் பெரும்பாலும் ஒரே நாள். நூற்றுக்கணக்கான பையன்கள், ஆளுக்கு இருபது நிமிஷ ஆட்டம். கிராமத்துப் பையன் முந்தின இரவு பஸ் ஏறி, சரியாகத் தூங்காமல், காலையில் ஒரு டீயோடு வந்து நிற்பான். காலில் இரவல் பூட்ஸ். நகரத்து அகாடமியிலிருந்து ஐந்தாறு பேர் ஒன்றாக வந்திருப்பார்கள். தெரிந்தவனுக்கே பந்து போகும். இவன் இருபது நிமிஷத்தில் இரண்டு முறை பந்தைத் தொட்டால் அதிகம். மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்களின் கண் இயல்பாகவே உயரமானவன்மேலும் வலுவானவன்மேலும் போய் நிற்கும்.

பதின்மூன்று வயதில் உயரம் எதையும் நிரூபிக்காது. ஆண் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிற காலம் சராசரியாகப் பதின்மூன்று, பதினான்கு வயதில் வருகிறது; பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் முந்தியே வந்துவிடும். சராசரி என்பதால் சிலருக்கு முன்னால், சிலருக்கு வெகு பின்னால். ஒரே வயதுள்ள இரண்டு பையன்களின் உடம்பு வளர்ச்சியில் மூன்று நான்கு வருஷ வித்தியாசம்கூட இருக்கும். ஜனவரி 1 என்று வயதுக் கணக்கு வைப்பதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள். பதினொரு மாத மூப்பைத் திறமை என்று எடுத்துக்கொள்கிற ஆபத்து உலகம் முழுக்க உண்டு. அதனால் தேர்வில் என் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதம், அம்மா அப்பாவின் உயரம், கால்சட்டை சமீபத்தில் குட்டையாகியிருக்கிறதா என்பதையெல்லாம் குறித்துக்கொள்கிறேன். பிறகு பந்து இல்லாதபோது அவனைப் பார்க்கிறேன். பறிகொடுத்த பந்தைத் திரும்ப வாங்க எத்தனை அடி ஓடுகிறான்? தப்பு செய்த கூட்டாளியிடம் என்ன பேசுகிறான்? இது ஒரே நாளில் தெரியாது. வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் ஆடவிட்டு, பல தடவை பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை.

உடம்பு பற்றி இன்னும் இரண்டு செய்தி. வெறுங்காலில் ஓடிய பிள்ளைக்குத் திடீரென்று கூர்மையான ஸ்டட் வைத்த பூட்ஸை மாட்டிக் கெட்டித் தரையில் விட்டால் குதிகால் வலி வந்துவிடும். வளர்கிற பருவத்தில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகியிருக்காது. முதலில் சப்பையான அடிப்பாகம் உள்ள ஷூ, பிறகு சின்ன ஸ்டட், அதுவும் வாரத்தில் ஓரிரு நாள் என்று மெதுவாகப் பழக்க வேண்டும். அடுத்தது சாப்பாடு. தமிழக அரசு 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் பலர் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு வருகிறார்கள். பழைய சோறும் ஒரு பிடி வேர்க்கடலையும் வாழைப்பழமும் பயிற்சி முடிந்ததும் கிடைத்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் விழித்திருக்கும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஊரில் நான்கு பேர் முறைவைத்துச் செய்கிறார்கள்.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் உண்மையான இடைவெளி எங்கே என்று கேட்டால், ஆட்டங்களின் எண்ணிக்கையில் என்று சொல்வேன். பயிற்சி வேறு, ஆட்டம் வேறு. தோற்கப்போகிறோம் என்ற பயத்தோடு, தெரியாத எதிரணியோடு ஆடுகிற ஆட்டத்தில்தான் பயின்றதெல்லாம் காலில் தங்கும். நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, அகாடமிகளுக்குள் லீக், டர்ஃப் எனும் செயற்கைப் புல்தரையில் ஃபைவ்ஸ் என்று வாரத்துக்கு ஒன்றாவது கிடைக்கிறது. கிராமத்துப் பள்ளி அணிக்கு வருஷத்தில் குடியரசு தினப் போட்டி, இன்னும் ஓரிரண்டு. அதுவும் தோற்றால் வெளியேறுகிற முறை. முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வருஷக் கால்பந்து அன்று மதியமே முடிந்துபோகும். ஊர்த் திருவிழா செவன்ஸில் பெரியவர்கள் ஆடுவார்கள், பையன்கள் பந்து பொறுக்குவார்கள்.

நகரம் என்று ஒரே வார்த்தையில் சொல்வதும் சரியில்லை. டர்ஃபுக்கு மணிக்கணக்கில் வாடகை, அகாடமிக்கு மாதக் கட்டணம். வியாசர்பாடிப் பையனுக்குப் பக்கத்துத் தெருவில் டர்ஃப் இருந்தும் வேலிக்கு வெளியேதான் நிற்கிறான். சந்தும் இப்போது பைக் நிறுத்த இடமாகிக்கொண்டிருக்கிறது. கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு வேறு குறை: கோன் வைத்த பயிற்சி மட்டும் கிடைக்கிறது, யாரும் பார்க்காமல் இஷ்டத்துக்கு ஆடுகிற ஆட்டம் கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் அரை மணி நேரம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பந்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறேன். அணி பிரிப்பது, விதி வைப்பது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

கிராமத்தில் ஆட்டங்களைக் கூட்ட எங்களுக்குக் கைகொடுத்தது சின்ன லீக். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஷேர் ஆட்டோவில் போய்வரும் தூரம். ஞாயிறு காலை, பக்கத்துக்கு ஏழு பேர், 4ஆம் எண் பந்து. தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. வந்த பிள்ளை ஒவ்வொன்றும் குறைந்தது பாதி நேரமாவது ஆட வேண்டும் என்பது மாற்றவே கூடாத விதி. செலவு என்றால் பந்து, சுண்ணாம்புத் தூள், எலுமிச்சம்பழம், ஆட்டோ வாடகை. உள்ளூர்க்காரர்களே நடத்தும்படி அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த பேபி லீக்கும் இந்த வழியில் போனதுதான். எங்கள் லீக்கை நடத்துவதில் முதுகெலும்பு அரசுப் பள்ளி பி.டி. (உடற்கல்வி) ஆசிரியர்கள்தான். ஒரு பள்ளியில் அக்கறையுள்ள பி.டி. சார் ஒருவர் இருந்தால் அந்த ஊரில் பத்து வருஷத்துக்குக் கால்பந்து உயிரோடு இருக்கும். அவருக்கு மாற்றல் வந்தால் எல்லாம் நின்றுபோகிற நிலைமையையும் பார்த்திருக்கிறேன். ஊர் இளைஞர் ஒருவரைப் பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் படிக்க அனுப்பிவைப்பது இதனால்தான் அவசியமாகிறது. ஆசிரியர் போனாலும் ஊர்க்காரர் ஊரில் இருப்பார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஊர் மைதானத்துக்குக் கதவு கிடையாது என்பதே முதல் தடை. ஊரே பார்க்கிறது. உடை மாற்ற இடம் இல்லை. தாய்மாமனிலிருந்து பெட்டிக்கடைக்காரர்வரை எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு. ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "இருட்டுறதுக்குள்ள அவ வீட்டுக்கு வந்துட்டா போதும் சார், மத்தத நான் பாத்துக்கிறேன்." அன்றிலிருந்து பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி பள்ளிக்கு முன்னால், விடியற்காலையில். வீடு திரும்பும் நேரம் சொன்னபடி இருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில் வருகிற பிள்ளைகள் கூடினார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் ஆனது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்றவர்கள் இந்திய அணிவரை போனார்கள். சென்னைக்கு வெளியே, கடற்கரை மாவட்டம் ஒன்றில் பெண்களுக்குத் தொடர்ந்து பயிற்சியும் தங்க இடமும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

திறமையுள்ள பிள்ளையைச் சீக்கிரமே ஊரைவிட்டுப் பெயர்த்து விடுதியில் சேர்ப்பதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். விடுதிகள் தேவை, பதினான்கு வயதுக்கு மேல், நல்ல எதிரணியும் பெரிய மைதானமும் வேண்டும் என்கிற கட்டத்தில் அவை பெரிய உதவி. பத்து வயதில் பிரித்தால் பிள்ளை ஏங்கிப்போகும், தரை கொடுத்த சுதந்திரமும் போகும். கனடா ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து, பேஸ்பால், கோல்ஃப் தொழில்முறை வீரர்களில், 5 லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களில் பிறந்தவர்களே விகிதத்துக்கு மேல் இருந்தார்கள். அது கால்பந்தைப் பற்றிய ஆய்வு இல்லைதான். ஆனாலும் ஓடி விளையாட இடமும், அணியில் எளிதாகக் கிடைக்கிற வாய்ப்பும், முகம் தெரிந்த கோச்சும் ஒன்றாக அமைவது காரைக்குடி மாதிரியான ஊர்களில் என்று என் அனுபவமும் சொல்கிறது. நான்கு லட்சத்துக்கும் குறைவான பேர் மட்டுமே வாழும் ஐஸ்லாந்து, சின்ன ஊர்களிலும் உள்ளரங்க மைதானம் கட்டி, குழந்தைகளுக்கே லைசென்ஸ் பெற்ற கோச்சுகளைக் கொடுத்தது. 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை வீழ்த்திக் கால் இறுதிக்கும், 2018இல் உலகக் கோப்பைக்கும் போனது. அவர்கள் பிள்ளைகளைத் தலைநகரத்துக்கு அள்ளிக்கொண்டு போகவில்லை. கோச்சை ஊருக்கு அனுப்பினார்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் என்ற தமிழர் ஒரு கோல் அடித்தார். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கோல் அடிக்கவில்லை, ஏனென்றால் தகுதியே பெறவில்லை. அடுத்த சுந்தரராஜ் எங்கே இருக்கிறான் என்று தேடுகிற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நான் கேட்டுக்கொள்வது, தேடலைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஆட்டத்தைக் கொண்டுபோங்கள் என்பதுதான். கண்மாய்க்கரைப் பள்ளிக்கு ஒரு சுவரும் சமமான துண்டு நிலமும், சந்துப் பிள்ளைக்கு வாரம் ஒரு விடியற்காலை முழு மைதானமும், இருவருக்கும் ஞாயிறுதோறும் ஓர் ஆட்டமும் கொடுங்கள். அதன் பிறகு பயிற்சியாளர்களாகிய எங்களைக் கணக்குக் கேளுங்கள். எத்தனை பேர் செலக்ட் ஆனார்கள் என்று கேட்பதற்கு முன்னால், பத்து வயதில் எங்களிடம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பதினெட்டு வயதிலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் சிவசக்திகளும் இந்துமதிகளும் அதற்குள்ளிருந்தே வருவார்கள். இந்திய அணிக்குப் போகாத மற்ற பிள்ளைகள் நாளை பி.டி. சாராக, ஊர் கோச்சாக, தன் மகளை மைதானத்துக்கு அனுப்புகிற தகப்பனாகத் திரும்பி வருவார்கள். அடுத்த தலைமுறைக்கு நம்மிடம் இருக்கிற பெரிய சேமிப்பு அவர்கள்தான்.